கல்லில் எழுதிய கணக்கு

பார்த்தெனான் கோயிலுக்குள் நின்ற ஏதெனா தேவி சிலையின் மேல் 40 தாலந்து தங்கம் இருந்தது. இன்றைய எடையில் ஆயிரம் கிலோவுக்கும் மேல். கி.மு. 438இல் சிலையை நிறுவிய பிறகு, சிற்பி ஃபிடியாஸ் தங்கத்தில் கைவைத்துவிட்டார் என்று புகார் கிளம்பியது. அப்போது ஏதென்சில் பெரும் செல்வாக்கோடு இருந்த பெரிக்ளிஸ், கழற்றி எடை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். தங்கத் தகடுகளைக் கழற்றி எடுக்கும்படியாகப் பொருத்தச் சொல்லி முதலிலேயே யோசனை கொடுத்தவரும் அவர்தான். திருட்டு நிரூபணமாகவில்லை என்று எழுதுகிறார் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்.

உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ரொக்கப் புத்தகம், அளவுப் புத்தகம், செலவுச் சீட்டு இவற்றோடுதான் என் வயது கழிந்தது. அதனால் இந்தச் சம்பவத்தைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. தெய்வத்தின் மேனியில் இருப்பதையும் ஒருநாள் நிறுத்துக் காட்ட வேண்டியிருக்கும் என்று, சிலை செய்யும்போதே நினைத்த ஊர் அது. கிரேக்கம் என்றால் சாக்ரடீஸ், பிளேட்டோ என்றே பாடப் புத்தகங்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்தன. ஜனநாயகம் பிறந்த இடம் என்று ஒரு வரியும் எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கினோம். ஆனால் அந்த ஜனநாயகம் அன்றாடம் எப்படி நடந்தது என்பதைக் கணக்குப் புத்தகம் வழியாகப் பார்த்தால்தான் புரியும் என்பது என் எண்ணம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன ஊருக்குத் தணிக்கைக்குப் போயிருந்தேன். அளவுப் புத்தகத்தில் எழுதியிருந்த சாக்கடையை நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் இட்லி விற்ற அம்மா ஒருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏன் தம்பி, இந்தக் கணக்கையெல்லாம் நாங்க கேட்டா சொல்லுவாங்களா?" என்றார். சாக்கடை எழுதியதைவிடப் பதினோரு மீட்டர் குறைவாக இருந்தது. அதற்குத் தணிக்கைத் தடை எழுதினேன். அந்த அம்மாவின் கேள்விக்குத்தான் சரியான பதில் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஏதென்சின் கதையைப் படிக்கத் தொடங்கியபோது அந்தக் குரல்தான் கூடவே வந்தது.

பதவிக்கு வருவதற்கு முன்பே அங்கே கேள்விகள் தொடங்கிவிடும். பெற்றோரை ஒழுங்காக வைத்துக்கொள்கிறாயா, குடும்பக் கல்லறை எங்கே இருக்கிறது, வரி கட்டுகிறாயா, படைக்குப் போனாயா என்று சபையில் நிறுத்திக் கேட்பார்கள். அதில் தேறினால்தான் பதவி. பதவிக் காலம் பெரும்பாலும் ஓராண்டு. அது முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். சீட்டுக் குலுக்கித் தேர்ந்த பத்து தணிக்கையாளர்கள் கணக்கைப் பார்ப்பார்கள். பிறகு 501 பேர் அமர்ந்த நீதிமன்றம். பணத்தைக் கையாடியதாகத் தீர்ப்பானால் பத்து மடங்கு அபராதம்.

பணக் கணக்கு முடிந்தாலும் விசாரணை முடிவதில்லை. அகோரா என்ற சந்தைத் திடலில், பத்துக் குலங்களின் வீரர் சிலைகள் நின்ற இடத்தில், வேறு சில அதிகாரிகள் சந்தை நேரத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். மூன்று நாட்களுக்கு எந்தக் குடிமகனும் வரலாம். வெள்ளை பூசிய பலகையில் தன் பெயர், பதவியில் இருந்தவர் பெயர், அவர் செய்த தவறு, அதற்கு எவ்வளவு அபராதம் என்று எழுதிக் கொடுக்கலாம். மொட்டைக் கடுதாசிக்கு அங்கே இடமில்லை. புகார் சொல்பவனும் தன் பெயரோடு வந்து நின்றாக வேண்டும்.

கணக்கு முடியும்வரை அந்த மனிதர் ஊரை விட்டு வெளியே போக முடியாது, உயில் எழுத முடியாது, தம் சொத்தைக் கோயிலுக்கு எழுதி வைக்க முடியாது என்கிறார் கி.மு. 4ஆம் நூற்றாண்டுப் பேச்சாளர் ஈஸ்கினிஸ். பூசாரிகளுக்கும் இது பொருந்தும், கப்பல் தலைவர்களுக்கும் பொருந்தும். ஒரு காசும் கையில் வாங்காத பதவியென்றால், எதுவும் பெறவில்லை, எதுவும் செலவழிக்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நம் அலுவலகங்களில் 'இன்மை அறிக்கை' என்று சொல்கிறோமே, அதுதான். அந்த இடத்தைப் படித்தபோது 2,300 ஆண்டுகளுக்கு முன்பிருந்த ஒரு சக ஊழியரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இவ்வளவும் நமக்குத் தெரிய வந்த வழியும் எனக்குப் பிடித்தமானது. அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் 'ஏதென்சின் அரசமைப்பு' நூல் வெகுகாலம் காணாமல் போயிருந்தது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891இல் அதை அச்சிட்டார்கள். அந்தச் சுருள்களின் முன்பக்கத்தில் இருந்தது ஒரு பண்ணையின் வரவு செலவு. அந்தக் கணக்கு வேண்டாததாகிப் போன பிறகு, காலியாக இருந்த பின்பக்கத்தில் யாரோ இந்த நூலைப் படியெடுத்திருக்கிறார்கள்.

கணக்குக் கேட்பது ஏன் அங்கே அவ்வளவு இயல்பாக நடந்தது? கேட்டவர்களும் ஒரு காலத்தில் பதில் சொன்னவர்களாக இருந்தார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கி.மு. 508-507இல் ஏதென்சின் தலைவர் கிளைஸ்தனிஸ் கொண்டுவந்த சீர்திருத்தத்தில் ஊர்மக்கள் பத்துக் குலங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். குலத்துக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட சபை உருவானது. முப்பது வயது நிறைந்தவர்களிலிருந்து சீட்டுக் குலுக்கி ஆள் எடுத்தார்கள். ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அந்தச் சபையில் இருக்க முடியாது. ஒவ்வொரு குலத்தின் 50 பேரும் ஆண்டின் பத்தில் ஒரு பங்கு நாட்கள், அதாவது 35 அல்லது 36 நாட்கள், அன்றாட நிர்வாகத்தைப் பார்த்தார்கள். அகோராவின் ஓரத்தில் இருந்த வட்டமான கட்டடத்தில் அரசு செலவில் சாப்பாடு. அவர்களிலிருந்து தினமும் ஒருவரைச் சீட்டுப் போட்டுத் தலைவராக்குவார்கள். கருவூலமும் ஆவணங்களும் இருந்த கோயில்களின் சாவியும் ஊரின் முத்திரையும் ஒரு பகல், ஓர் இரவு அவர் கையில் இருக்கும். மறுநாள் இன்னொருவர். ஒருவருக்கு வாழ்வில் ஒரே ஒரு முறைதான் அந்த வாய்ப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கிரேக்க ஆண்டுக்குச் சுமார் 354 நாட்கள். நாளுக்கு ஒருவர் என்றால், 500 பேரில் பத்துக்கு ஏழு பேர் ஊர்ச் சாவியை ஒருநாள் இடுப்பில் வைத்திருந்தவர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வயது வந்த ஆண் குடிமக்கள் ஏறக்குறைய 30,000 பேர். ஆலிவ் தோப்பு வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரும், பானை வனையும் மாமனும் ஏதோ ஓர் ஆண்டில் சபையில் உட்கார்ந்து, கணக்கு ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பியவர்களாக இருப்பார்கள். சாக்ரடீசும் அப்படித்தான். கி.மு. 406இல், கடற்போரில் வென்றும் மூழ்கியவர்களை மீட்காமல் விட்ட தளபதிகளை ஒட்டுமொத்தமாக ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கப் பார்த்தபோது, சபைப் பொறுப்பில் இருந்த அவர் அது சட்டத்துக்குப் புறம்பு என்று மறுத்து நின்றார்.

இப்படி முறைபோட்டுப் பதவியில் இருந்து கணக்குச் சொன்னதுதான் அவர்கள் கண்ட பெரிய கல்வி என்று நான் சொல்வேன். ஏதென்சில் அரசுப் பள்ளி கிடையாது. வசதிக்கேற்பக் காசு கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பினார்கள். எழுத்துக்கு ஒரு வாத்தியார், யாழிசைக்கு ஒருவர், உடற்பயிற்சிக்கு ஒருவர். மெழுகு பூசிய பலகையில் எழுத்தாணியால் எழுதி, ஹோமரின் காவியத்தை மனப்பாடம் செய்து, கூழாங்கல் வைத்துக் கூட்டிக் கழித்துப் பழகினார்கள். பள்ளிக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தவர் ஓர் அடிமை. பள்ளி தனியார் விஷயமாக இருந்தாலும் படிப்பை அவர்கள் லேசாக நினைக்கவில்லை. கி.மு. 480இல் பாரசீகப் படை வந்தபோது ஏதென்ஸ் மக்கள் பெண்டு பிள்ளைகளைக் கடல் கடந்து டிரோசன் என்ற நகரத்துக்கு அனுப்பினார்கள். அகதிகளாக வந்தவர்களுக்கு அந்த ஊர் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு ஓபல் காசு கொடுத்தது. குழந்தைகள் எந்தத் தோட்டத்திலும் பழம் பறித்துத் தின்னலாம் என்றது. அவர்களுக்குப் பாடம் சொல்லித்தர வாத்தியார்களுக்குச் சம்பளமும் ஒதுக்கியது. ஓர் ஊரின் பெருந்தன்மைக்கு இதைவிட நல்ல செலவுச் சீட்டை நான் பார்த்ததில்லை.

இன்னொரு கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவில் இதற்கு நேர்மாறு. ஏழு வயதில் பையன்களை அரசே எடுத்துக்கொண்டு வளர்த்தது. ஒழுக்கம், பசி பொறுத்தல், அடி தாங்குதல் எல்லாம் சொல்லிக் கொடுத்தது. ஆனால் அறுபது வயது தாண்டி ஆயுள் முழுவதும் பதவியில் இருந்த மூத்தோர் சபையைக் கணக்குக் கேட்க ஆளில்லை. அவர்களில் பலர் லஞ்சம் வாங்கினார்கள், அவர்களைத் தணிக்கைக்கு உட்படுத்தாதது தவறு என்று அரிஸ்டாட்டிலே குறை சொல்கிறார். பிள்ளைகளுக்கு எவ்வளவு கட்டுப்பாடு வைத்தாலும் பெரியவர்களிடம் கேள்வி கேட்காத ஊர் கெட்டுப்போகும் என்பதற்கு இதை ஒரு பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

அன்றாட வாழ்க்கையிலும் இந்தக் கண்காணிப்பு இறங்கி வந்தது. சந்தையில் கலப்படம் இல்லாமல் பார்த்துக்கொள்ளப் பத்துப் பேர், எடையும் அளவும் சரிபார்க்க வேறு பத்துப் பேர், தானிய விலையைக் கவனிக்கத் தனி ஆட்கள். எல்லாரும் சீட்டில் வந்தவர்கள். தெரு அதிகாரிகள் பத்துப் பேர் இருந்தார்கள். வீட்டைத் தெருவுக்குள் இழுத்துக் கட்டக்கூடாது. மாடியிலிருந்து தெருவில் தண்ணீர் விழும்படி குழாய் வைக்கக்கூடாது. சாணமும் மலமும் அள்ளுகிறவர்கள் மதிலிலிருந்து பத்து ஸ்டேடியாவுக்குள், அதாவது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்குள், கொட்டக்கூடாது. இவையெல்லாம் அவர்கள் பொறுப்பு. தத்துவம் பேசிய ஊர்தான் ஆக்கிரமிப்பையும் குப்பையையும் பற்றிச் சட்டம் எழுதி வைத்தது. ஊராட்சி என்பதே பெரும்பாலும் இதுதானே!

இந்தக் கணக்கு முறையில் ஓட்டை இல்லாமல் இல்லை. பெரிக்ளிஸ் ஒருமுறை பத்து தாலந்து செலவை 'அவசியமானதற்கு' என்று மட்டும் எழுதிக் கணக்குக் காட்டினார். எதிரியைப் பின்வாங்கச் செய்யக் கொடுத்த லஞ்சம் அது என்று பேசிக்கொண்டார்கள். மக்கள் மேற்கொண்டு துருவாமல் ஒப்புக்கொண்டார்கள். செல்வாக்குள்ள தலைவர் என்றால் கேள்வி தளர்ந்துவிடும் வழக்கம் பழையது. இன்னொரு பக்கம், பாரசீகரை எதிர்க்க ஏதென்சும் நட்பு நகரங்களும் அமைத்த கூட்டணியின் நிதிப் பொருளாளர்கள் பத்துப் பேர் மீது ஒருமுறை பண மோசடிக் குற்றச்சாட்டு வந்தது. கோபத்தில் ஒன்பது பேரைக் கொன்றுவிட்டார்கள். பத்தாவது ஆளான சோசியாஸ் தண்டனைக்குக் காத்திருந்தபோதுதான் பணம் எப்படிப் போயிற்று என்பது வெளிப்பட்டது. அவர் பிழைத்தார். ஒன்பது பேரும் குற்றமற்றவர்கள். நானும் ஒரு சமயம் கூட்டலை அவசரமாகப் பார்த்து, நேர்மையான ஒரு காசாளர் மீது சந்தேகம் எழுதி, மறுநாள் காலை போய் மன்னிப்புக் கேட்டவன். ஆத்திரத்தோடு செய்யும் தணிக்கையைத் தணிக்கை என்று சொல்லக்கூடாது என்பதை அந்த ஒன்பது பேரும் எனக்கு அழுத்திச் சொல்கிறார்கள்.

2017இல் மகள் என்னை ஏதென்சுக்கு அழைத்துப் போனாள். எல்லாரும் மலைமேல் பார்த்தெனானைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். நானும் பார்த்தேன். ஆனால் என் கால்கள் நின்றது கல்வெட்டு அருங்காட்சியகத்தில்தான். பார்த்தெனான் கட்டிய கணக்கு ஆண்டுவாரியாகக் கல்லில் வெட்டப்பட்டது. முதலில் முந்தைய குழு விட்டுப்போன இருப்பு, பிறகு வரவு, பிறகு செலவு. பெண்டலிக்கஸ் மலையில் கல் வெட்டிய கூலி, வண்டியில் ஏற்றி வந்த கூலி, சிற்பிகள் சம்பளம். லாம்ப்சாக்கஸ் ஊர்ப் பொன் நாணயம் 70 ஒவ்வோர் ஆண்டும் செலவாகாமல் அப்படியே முன்கொண்டு வரப்படுகிறது. எரெக்தியான் கோயில் கணக்கில் குடிமகன், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர், அடிமை மூவருக்கும் நாட்கூலி ஒரே அளவு, ஒரு டிராக்மா. சிமியாஸ் என்ற கல்தச்சர் தம் அடிமைகளோடு சேர்ந்து தூணுக்கு வரிப்பள்ளம் வெட்டிய கூலியும் அதில் உண்டு.

அதே அருங்காட்சியகத்தில் என் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரமான கல் ஒன்று நிற்கிறது. உடைந்த துண்டுகளைச் சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். கி.மு. 454இல் கூட்டணியின் கருவூலத்தை டெலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸ் தன் ஊருக்குக் கொண்டுவந்தது. அது முதல் நட்பு நகரங்கள் கட்டிய கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு தேவிக்குப் போயிற்று. அந்தப் பங்கின் பட்டியல்தான் கல் முழுவதும். வரிசை வரிசையாக ஊர்ப் பெயர்கள், எதிரே தொகை. அதற்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குள் ஏதோ இடறியது. கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் எப்படி வந்தது? பாரசீகரை எதிர்க்கச் சேர்த்த நிதி, பிரிந்துபோக விரும்பிய நகரத்தையே அடக்கும் நிதியாக மாறியது. கி.மு. 416இல் அடிபணிய மறுத்த மெலோஸ் தீவில் ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். அதைச் செய்ததும் இதே ஜனநாயகம்தான்.

கப்பத்தின் கதை அது. ஏதென்சின் வெள்ளி வந்தது லாரியன் சுரங்கங்களிலிருந்து. வெட்டியவர்கள் அடிமைகள். நிக்கியாஸ் என்ற செல்வர் ஆயிரம் அடிமைகளை ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபல் வாடகைக்கு அங்கே விட்டிருந்தார் என்று ஏதென்ஸ் எழுத்தாளர் செனபோன் எழுதியிருக்கிறார். ஒரு டிராக்மாவுக்கு ஆறு ஓபல். நீதிமன்றத்தில் உட்கார்ந்த குடிமகனுக்கு ஒருநாள் படி மூன்று ஓபல். அகோரா அருங்காட்சியகத்தில் கி.மு. 375-374ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கல்லில் இருக்கிறது. சந்தையில் நாணயம் நல்லதா கள்ளமா என்று பரிசோதிக்க அரசு ஓர் அடிமையை அமர்த்தியது. அவர் தீர்ப்பை வியாபாரிகள் ஏற்றாக வேண்டும். வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் அவருக்கு 50 கசையடி. குடிமக்களான தணிக்கையாளர்களைக் கசையால் அடித்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. ஊரின் காசு நல்ல காசு என்று உறுதி சொன்ன மனிதருக்கு ஊரில் ஒரு வாக்கு இல்லை. நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சியம் சித்திரவதை செய்து வாங்கினால்தான் செல்லும்.

பெண்களுக்கும் சபையில் இடமில்லை. ஆர்ட்டெமிஸ் தேவிக்கு அவர்கள் காணிக்கை கொடுத்த துணிமணிகளின் பட்டியல் கல்லில் உண்டு. யார் கொடுத்த ஆடை, என்ன நிறம் என்று பெண்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. தேவியின் சொத்துக் கணக்கில் அவர்கள் பெயர் ஏறியது. ஊரின் கணக்கைக் கேட்க அவர்களால் முடியவில்லை.

ஆகவே ஏதென்சை வெறுமனே புகழ்வதற்கும் நான் தயாரில்லை, அடிமை வைத்திருந்த ஊர் என்று ஒதுக்குவதற்கும் தயாரில்லை. பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். தலைவர்களின் பெயர்களோடு, வெள்ளைப் பலகையில் புகார் எழுதும் முறையையும் சொல்லுங்கள். பதவி என்பது முறைபோட்டுச் சுமக்கும் வேலை, சுமந்து முடித்ததும் இறக்கிவைத்துக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். அதே வகுப்பில், லாரியன் சுரங்கத்துக்குள் குனிந்து போனவர்களையும் சொல்லுங்கள். எழுதப்பட்ட கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், அதைக் கேட்க உரிமையில்லாதவர்கள் ஊரில் இருக்கும்வரை அது பாதிக் கணக்குதான்.

அந்த உயரமான கல்லின் முன்னால் நின்று பழக்கதோஷத்தில் வரிசைகளை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தேன். தொகைகள் இருந்தன, ஊர்கள் இருந்தன. வெள்ளியை வெட்டியவன் பெயர் இல்லை, நாணயம் பார்த்த அடிமையின் பெயர் இல்லை, வீட்டுக்குள் நெசவு நெய்தவளின் பெயர் இல்லை. பணியில் இருந்திருந்தால் அந்தக் கல்லுக்கு ஒரு தணிக்கைத் தடை எழுதியிருப்பேன்: 'இந்த ஊருக்கு உழைத்தவர்களில் கணக்குக் கேட்கத் தகுதியுள்ளவர்கள் பட்டியல் முழுமையாக இல்லை. நிறைவு செய்து மீண்டும் முன்வைக்கவும்.'

இட்லிக் கடை அம்மாவுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலும் அதுதான். சொல்லித்தான் ஆக வேண்டும் அம்மா. நீங்கள் கேளுங்கள். உங்கள் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.